பால் கொட்டகையில் யாரும் விசில் ஊதவில்லை

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் வேலை செய்யும் தமிழ் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பின்னறையிலிருந்து எழுதுகிறேன். துணி காயும் கொடிக்கும் இஸ்திரிப் பலகைக்கும் நடுவே ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு காற்றாடி. அதுதான் என் ஆபீஸ். கணக்குப் பிரிவில் வேலை. தலைமை அலுவலகம் கோலாலம்பூரில். எங்கள் குழுவில் ஒன்பது பேர்: கோலாலம்பூரில் நால்வர், சபாவின் கோத்தா கினபாலுவில் ஒருவர், சென்னையில் இருவர், பிலிப்பீன்ஸின் செபுவில் ஒருவர், இங்கே நான். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது இரண்டு வாரத்துக்கு என்று வீட்டுக்கு வந்த கணினி இது. இன்னும் திரும்பிப் போகவில்லை.

இந்த மடலை எழுத வைத்தவள் எங்கள் எதிர்வீட்டுத் தங்கை. அவளும் உங்களைப் போல எச்.ஆர். போன மாதம் ஒரு சாயங்காலம் தேத்தண்ணி குடிக்க வந்தவள் சோர்ந்துபோய் உட்கார்ந்தாள். "ஆண்டு முடியறதுக்குள்ள அந்த டீம் பில்டிங் பட்ஜெட்டைச் செலவழிக்கணும்க்கா, வீட்டிலிருந்து வேலை செய்யறவங்களை ஒண்ணு சேர்க்கறதுக்கு. கேம் வெச்சா யாரும் கேமராவைத் திறக்கறதில்ல. திறந்தாலும் முகத்தைப் பார்த்தா பல்லுப் பிடுங்க வந்த மாதிரி இருக்கு. என்னதான் செய்யறது?" என்றாள். நான் அதுவரை எச்.ஆர். என்றால் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்திலும் ஒரு பெண் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியதே இல்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் புகார்க் கடிதம் ஆகியிருக்கும். தமிழில் என்றால் வீட்டுப் பேச்சு.

முதலில் என் கதை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

ஒரு டிசம்பர் மாதம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. சென்னையில் அப்போது மதியம் இரண்டரை, அவர்களுக்கு வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். "எல்லாரும் கட்டாயம் கேமராவைத் திறக்கவும்" என்று அழைப்பிலேயே போட்டிருந்தது. வெளியிலிருந்து ஒரு நடத்துநரை அமர்த்தியிருந்தார்கள். கழுத்தில் விசில். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதை ஊதி, "சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்பார். சத்தம் போதவில்லை என்றால் மறுபடியும் கேட்பார்.

அரை நிமிடத்துக்குள் வீட்டிலிருந்து ஒரு சிவப்புப் பொருளை எடுத்து வந்து காட்ட வேண்டும் என்பது ஆட்டம். நான் ஓடிப்போய் மாமியாரின் குங்குமச் சிமிழை எடுத்து வந்து, அவசரத்தில் விசைப்பலகை மேல் கொட்டிவிட்டேன். இன்றைக்கும் அந்தப் பலகையில் சில எழுத்துகள் மங்களகரமாகத்தான் இருக்கின்றன. அது போகட்டும். சென்னைத் தம்பி கைப்பேசியில் சேர்ந்திருந்தார். ஓடவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கேமராவை மெல்லத் திருப்பி, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் குடுவையைக் காட்டினார். எல்லாரும் சிரித்தோம். நடத்துநர் அவருக்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கொடுத்தார்.

அது ஆஸ்பத்திரிச் சுவர் என்று திங்கட்கிழமைதான் தெரிந்தது. அவருடைய அப்பா உள்ளே படுத்திருந்தார்.

அன்று இரவே கருத்துப் படிவம் வந்தது. எத்தனை நட்சத்திரம்? ஒன்பது பேரும் ஐந்து போட்டோம். அதை நீங்கள் மேலிடத்துக்கு அனுப்பியிருப்பீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, ஐந்து போட்டது நாங்கள்தான்.

இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்கிறோம். ஒரு மனிதரின் அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பது குழுவில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. எனக்கு என் பாட்டியின் ஞாபகம் வந்தது.

பாட்டி சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். விடிவதற்கு முன் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் நிரைக்குள் நுழைந்தால் பல மணி நேரம் தனி ஆள். நூற்றுக்கணக்கான மரங்கள், ஒரு கத்தி, கொசு. பக்கத்து நிரையில் ஆள் இருப்பது இருமல் சத்தத்தில்தான் தெரியும். நாம் இப்போது பெரிய புதுமை போலப் பேசுகிற தனித்திருந்து செய்யும் வேலையை எங்கள் பாட்டி எந்த இணையமும் இல்லாமல் செய்திருக்கிறார். ஆனால் தோட்டத்தில் யார் வீட்டில் காய்ச்சல், யார் மகளுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், எந்தப் பையன் பள்ளிக்கூடம் போகாமல் ஆற்றுக்குப் போனான், எல்லாம் அவருக்குத் தெரியும்.

எப்படித் தெரியும்? மரத்தடியில் அல்ல, பால் நிறுக்கும் கொட்டகையில். காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கி வைத்தால், தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். தராசு ஒன்று. கணக்கு எழுதும் கிராணி ஒருவர், அவரும் நிதானமாகத்தான் எழுதுவார். அந்தக் காத்திருப்பில்தான் ஊர்க் கதை முழுக்க ஓடும். யாரும் ஏற்பாடு செய்யவில்லை, யாரும் விசில் ஊதவில்லை. பாட்டி கிராணியைத் திட்டிக்கொண்டேதான் காத்திருப்பாராம். அது வேறு விஷயம்.

அலுவலகத்தில் இருந்தபோது நமக்கும் அப்படிக் கொட்டகைகள் இருந்தன. கூட்டம் முடிந்து அறையிலிருந்து பேன்ட்ரி வரை நடக்கிற நடை, மின்தூக்கிக்கு நிற்கிற நேரம், மதியச் சாப்பாட்டுக்கு "என்ன தாப்பாவ் பண்ணலாம்", என்ன பொட்டலம் வாங்கலாம் என்று நடக்கிற நீண்ட விவாதம். இப்போது பதினோரு மணிக்குக் கூட்டம் முடிந்தால் பொத்தானைத் தட்டுகிறோம், திரை அணைகிறது, எல்லாரும் அவரவர் நிரைக்குள். போனது அந்த ஓரத்து நேரம். அதை ஈடுகட்ட மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு மணி நேரக் கேளிக்கை வைத்தால் ஆகுமா?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் அமெரிக்க ஊழியர்கள் 61,000-க்கும் மேற்பட்டோரின் தொடர்புகளை 2020இன் முதல் ஆறு மாதங்களுக்கு ஆராய்ந்து, முடிவை 2021இல் வெளியிட்டது. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, ஒரே குழுவுக்குள் பிணைப்பு இறுகியது. வேறு வேறு குழுக்களுக்கு இடையே இருந்த பாலங்கள் மெலிந்தன. இது எனக்கு நன்றாகப் புரிகிறது. என் ஒன்பது பேரோடு தினமும் பேசுகிறேன். கொள்முதல் பிரிவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் ஒரு மின்னஞ்சல் முகவரிதான் ஞாபகம் வருகிறது. அதனால்தான் ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியில் இருக்கும் டோனட் மாதிரி, வாரம் இரண்டு பேரைக் குலுக்கிப் போட்டுப் பேச வைக்கும் செயலிகள் எனக்குப் பிடிக்கும். பதினைந்து நிமிடம், இரண்டே பேர், பார்க்க ஆள் இல்லை. வேலையைப் பற்றிப் பேசினாலும் சரி, வீட்டுப் பூனையைப் பற்றிப் பேசினாலும் சரி. அப்படி ஒரு தடவை கொள்முதல் பிரிவு அண்ணன் ஒருவரோடு பேசப்போய், மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு பில் அன்றைக்கே முடிந்தது. பேசியது என்னவோ பட்டர்வொர்த்தில் எங்கே நல்ல தோசை கிடைக்கும் என்பதைத்தான்.

சரி, விளையாட்டே வேண்டாம் என்கிறேனா? இல்லை. நாங்கள் விளையாடிய கதையைக் கேளுங்கள்.

ஒருநாள் மதியம் செபுத் தங்கை, தன் பாட்டி வீட்டில் கிடைத்தது என்று ஒரு மரப்பலகையின் படத்தைக் குழு அரட்டையில் போட்டாள். இரண்டு வரிசைக் குழிகள். "சுங்கா" என்றாள். கோத்தா கினபாலு அண்ணன் உடனே "இது எங்க சொங்காக்" என்றார். சென்னை அக்கா "பல்லாங்குழியை எடுத்து வெச்சுக்கிட்டு என்ன பேசறீங்க" என்றார். மூன்றிலும் பக்கத்துக்கு 7 குழி. யாருடையது அசல் என்று அரை மணி நேரம் சண்டை. கூட்டங்களில் வாயே திறக்காத கோலாலம்பூர் தம்பி ஒருவர் அன்றைக்குத்தான் முழு வாக்கியம் பேசினார். அவருடைய நிலைப்பாடு, எல்லாருமே யாரிடமிருந்தோ திருடியவர்கள் என்பது.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குப் போட்டி என்று முடிவானது. எச்.ஆருக்குச் சொல்லவில்லை, மன்னிக்கவும். பலகை இல்லாதவர்கள் முட்டை அட்டையை வெட்டிக்கொண்டார்கள். நான் புளியங்கொட்டை, கோத்தா கினபாலு அண்ணன் பொத்தான், சென்னையில் சோழி. இரண்டு பேர் ஆடுவது, மற்றவர்கள் பார்த்துக்கொண்டு குறை சொல்வது. ஆடுகிற இருவரும் அவரவர் முன் ஒரு பலகை வைத்துக்கொண்டு, "மூணாங்குழி" என்று சொல்லி அள்ள வேண்டும். எதிராளியும் தன் பலகையில் அதே குழியை அள்ளிப் போட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் சொங்காக்கிலும் சுங்காவிலும் முதல் சுற்றை இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். பல்லாங்குழியில் ஒருவர் மாற்றி ஒருவர். அவர்கள் பலகையில் இரு முனையிலும் காய் சேர்க்கும் வீடு உண்டு, முட்டை அட்டையில் ஏது வீடு? குழியில் நான்கு காய் சேர்ந்தால் "பசு" என்று அள்ளிக்கொள்கிற நம் வழக்கத்தைச் சென்னை அக்கா அறிவிக்காமலேயே செயல்படுத்த, செபுவிலிருந்து ஒரு கூச்சல். பத்து நிமிடத்தில் இரண்டு பலகையிலும் காய் எண்ணிக்கை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் போய்விட்டது. கணக்குப் பிரிவுக்காரர்கள் ஒன்பது பேர் சேர்ந்து 98 காயை ஐந்தொகை பார்க்க முடியாமல் தவித்தோம். கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்பது இன்றுவரை வழக்கில் இருக்கிறது.

அன்றைக்கு யாரும் "சந்தோஷமா இருக்கீங்களா" என்று கேட்கவில்லை. மறுநாள் சென்னைத் தம்பி அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டதாக அவராகவே எழுதினார்.

ஏன் அது எடுபட்டது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். எங்களில் ஒருவர் கையிலிருந்து வந்த பொருள். தோற்றால் அவமானம் இல்லை. ஆங்கிலம் சரளமாக வராதவருக்கும் இடம் இருந்தது. கேமரா பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது, எங்கள் முகத்தை அல்ல. இது கடைசியாகச் சொன்னாலும் சின்ன விஷயம் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் காணொளிக் கூட்டக் களைப்புக்கு நான்கு காரணம் சொன்னார்: அத்தனை பேரும் கிட்டத்தில் நம்மையே உற்றுப் பார்ப்பது, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்கார்ந்திருப்பது, தலையாட்டல் முதல் புன்னகை வரை எல்லாவற்றையும் கூட்டிக் காட்ட வேண்டியிருப்பது. அதே ஆண்டு ஆலிசன் கேப்ரியலும் சகாக்களும் 103 ஊழியர்களை நான்கு வாரம் கவனித்து எழுதிய ஆய்வில், கேமரா திறந்திருந்த நாள்களில் களைப்பு கூடியது. பெண்களுக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இன்னும் அதிகம். நாளெல்லாம் கேமரா முன்னால் இருந்தவரைக் கேளிக்கை என்று சொல்லி இன்னும் இரண்டு மணி நேரம் கேமரா முன்னால் உட்கார வைப்பது, பால் வெட்டி முடித்தவரிடம் பொழுதுபோக்குக்கு இன்னும் ஐம்பது மரம் வெட்டச் சொல்வது போல.

கேமரா வேண்டாத விளையாட்டுகள் நிறைய இருக்கின்றன. கார்ட்டிக் ஃபோன் என்று ஒன்று: ஒருவர் ஒரு வாக்கியம் எழுத, அடுத்தவர் அதைப் படமாக வரைய, அதற்கடுத்தவர் படத்தைப் பார்த்து வாக்கியம் எழுத என்று போகும். "ரம்புத்தான் விற்கும் பாட்டி" என்று நான் எழுதியது, ஏழு கை மாறி "கொரோனா கிருமியின் பிறந்தநாள்" என்று வந்து சேர்ந்தது. ஜியோகெஸ்ஸரில் தெருப்படத்தைப் பார்த்து எந்த ஊர் என்று கண்டுபிடிப்பது எங்கள் கோலாலம்பூர் நால்வருக்கு உயிர். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, கார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் தெரிவதில்லை. அஞ்சாங்கல்லும் ஆடிப் பார்க்கலாம். மலாய்க்காரர்கள் பத்து செரம்பான் என்பார்கள், துணிக்குள் அரிசியோ மணலோ வைத்துத் தைத்த சின்னப் பைகள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கேட்டதால் கல்லை நான் நிறுத்திவிட்டேன், பைதான் நல்லது.

விளையாட்டே இல்லாமலும் ஆகும். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் இரண்டு நாளும் நாங்கள் ஒரு குரல் இணைப்பைத் திறந்தே வைத்துவிடுகிறோம். யாரும் பேச வேண்டும் என்பதில்லை. ஒருவர் வீட்டுச் சேவல், ஒருவர் வீட்டுப் பாங்கொலி, ஒருவர் வீட்டுப் பிரஷர் குக்கர். நடுவில் யாராவது "அந்தத் தொகை உங்க பக்கம் எவ்வளவு வருது?" என்பார்கள். பதில் சொல்லிவிட்டு, அப்புறம் வேறு ஏதாவது பேச்சு வரும். இதற்கு உங்கள் பட்ஜெட்டிலிருந்து ஒரு காசும் ஆகாது.

அடுத்தது நேரம். வேலைச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தபோது வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. அந்த மூன்று மணி நேரத்தைச் சிரிப்பு என்ற பெயரில் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் எனக்குக் கோயில், வேறு ஒருவருக்குப் பிள்ளையைப் பராமரிப்பகத்திலிருந்து அழைக்க வேண்டும், இன்னொருவருக்குத் தூக்கம். வெள்ளி மதியமும் வேண்டாம், அது மலாய் நண்பர்களின் தொழுகை நேரம். வேலை நேரத்துக்குள், நடு வாரத்தில், நாற்பது நிமிடம். வராதவர் பெயரைக் குறிக்காதீர்கள். அதே திருத்தத்தில்தான் வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றிக் கேட்டு ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதும் வந்தது. அந்த விண்ணப்பத்துக்கு ஐம்பத்தொன்பதாவது நாள் பதில் போட்டுவிட்டு, அடுத்த வாரம் பலூன் ஊதும் போட்டி வைத்தால் எங்களுக்குச் சிரிப்பு வராது.

இன்னொன்று, தமிழர்களான உங்களிடம் மட்டும் சொல்லக்கூடியது. ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு ஒரு அழைப்பு வருகிறது: சேலை கட்டிக்கொண்டு வந்து, முறுக்கைப் பற்றி ஐந்து நிமிடம் பேசவும். எட்டு வருஷமாகப் பேசுகிறேன். முறுக்கைப் பற்றி உலகத்தில் சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன். தைப்பூசம் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பொது விடுமுறை, சபாவில் இல்லை. கோத்தா கினபாலு அண்ணன் அன்றைக்குத் தனியாக எங்கள் எல்லார் வேலையையும் பார்க்கிறார். மே மாதக் கடைசியில் அவருக்குக் காமாத்தான் என்ற அறுவடைத் திருநாள் வரும்போது நாங்கள் கேள்வி மேல் கேள்வி அனுப்பி அவரைத் தொந்தரவு செய்கிறோம். முறுக்குப் பேச்சுக்குப் பதிலாக, ஒருவர் பண்டிகைக்கு மற்றவர் வேலையை வாங்கிக்கொள்ள ஓர் அட்டவணை போட்டுக் கொடுங்கள். அது எவ்வளவு நெருக்கத்தைக் கொடுக்கும் தெரியுமா? தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூற்றுச் சொச்சம் படியை ஏறிக்கொண்டிருக்கும்போது கைப்பேசி ஒரு தடவைகூட அதிரவில்லை என்றால், அந்த அண்ணனுக்காகவும் சேர்த்துத்தான் கும்பிடுவேன்.

கடைசியாக, நேரில் சந்திப்பது. ஆண்டுக்கு ஒரு தடவையாவது வேண்டும், அதற்கு வேறு எதுவும் ஈடாகாது. ஆனால் ஹோட்டல் மண்டபமும் ஒரே நிற டி-சட்டையும் கயிறு இழுத்தலும் வேண்டாம். முதுகுவலிக்காரர்கள் பாதிப் பேர், நாற்காலி அப்படி. பினாங்குக்கு அனுப்புங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகப் பட்டர்வொர்த். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஃபெரித்துறை. பாலத்தில் கூட்டிப் போய்விடாதீர்கள், ஃபெரிதான். பதினைந்து நிமிடம்போலக் கடலில் ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டியிருக்கும், கைப்பேசியைப் பார்க்கவும் காற்று விடாது. அதுதான் நான் சொன்ன கொட்டகை. அந்தக் கரையில் இறங்கி, குயின் ஸ்திரீட்டில் 1833ஆம் ஆண்டு மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு, அப்படியே சாப்பாடு. அசைவக்காரர்களுக்கு நாசி கண்டார், சைவக்காரர்களுக்குப் பக்கத்திலேயே லிட்டில் இந்தியாவில் வாழையிலை. நாசி கண்டாரில் வருகிற கண்டாரும் பாட்டியின் தோளில் இருந்த காண்டாவும் ஒன்றுதான். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புமாகக் கம்பில் தொங்கவிட்டு நடந்து விற்ற சாப்பாடு அது. அந்த வரிசையில் நிற்கும்போது நிகழ்ச்சி நிரல் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். வரிசை நீளமாக இருந்தால் இன்னும் நல்லது.

எதிர்வீட்டுத் தங்கை இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இதை எப்படிக்கா ரிப்போர்ட்ல எழுதறது?" என்றாள். "புதன்கிழமை நாலு மணி, நாற்பது நிமிஷம், முட்டை அட்டை" என்று எழுதச் சொன்னேன். சிரித்தாள், ஆனால் குறித்துக்கொண்டாள்.

வருகிற புதன்கிழமை எங்களுக்கு மறு ஆட்டம். இந்தத் தடவை விதிகளை முன்கூட்டியே எழுதி ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பசு விஷயத்தில் மட்டும் சென்னை அக்கா இன்னும் கையெழுத்துப் போட மறுக்கிறார். உங்களில் யாருக்காவது பார்க்க வேண்டும் என்று இருந்தால் எழுதுங்கள், இணைப்பு அனுப்புகிறேன். கேமரா வேண்டாம்.

அன்புடன்,
பிறையிலிருந்து ஒரு கணக்கர்